அல்லுலோகம்

சட்பரி. ஓகஸ்ட் கடைசி.
இந்த ஏரிக்குப் பெயரில்லை, வரைபடத்தில் ஓர் எண்.
எய்லா மோட்டரை அணைக்கிறாள்.
முழங்கைவரை கையை அமிழ்த்தி
போத்தலை மூன்று தரம் அலசி
நாலாம் தரம் நிரப்புகிறேன்.
பி.எச். ஐந்து தசம் எட்டு.
போன வருஷம் ஐந்து தசம் ஆறு.
இந்தச் சின்ன ஏற்றத்துக்கு
ஒரு முழு வருஷத்து மழையும் பனியும்.

கரைப் பாறைகள் இன்னும் கறுப்பு.
நூற்றெண்பத்தைந்து கோடி ஆண்டுக்கு முன்
வானத்திலிருந்து ஒரு கல் விழுந்த பள்ளம் இது.
அந்தச் சூட்டில் சேர்ந்தவை நிக்கலும் கந்தகமும்.
அது கொடுத்தது, இது வாங்கியது,
பிறகு பேச்சுமூச்சில்லாத குடித்தனம்.
வந்தவர்களுக்கு வேண்டியது நிக்கல் மட்டும்.
விறகடுக்கி, மேலே தாதைக் குவித்து
மாதக்கணக்கில் எரியவிட்டார்கள்.
கந்தகம் புகையாய் எழும்பி, முகிலில் கரைந்து
அமிலமாய் இறங்கியது.
முதலில் பைன்மரம், பிறகு மீன்,
பிறகு வேர் இல்லாத மண் முழுவதும்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு இரண்டே வரி:
உலோகம் இலத்திரனை இழக்கும், அல்லுலோகம் ஏற்கும்.
உலோக ஒட்சைட்டு கரைந்த நீர்
சிவப்புப் பாசிச்சாயத்தாளை நீலமாக்கும்,
மற்றது நீலத்தைச் சிவப்பாக்கும்.
நாலு புள்ளி.
மூச்சில் இருப்பது, எலும்புக்குள் இருப்பது,
பென்சில் முனையில் இருப்பது எல்லாவற்றுக்கும்
'அல்' போட்டு ஒரு பெயர்,
எது இல்லையோ அதைச் சொல்லி.
அல் என்றால் இரவென்றும் பொருள்,
அதைப் பிறகுதான் அகராதியில் கண்டேன்.

அண்ணன் ஸ்காபரோவிலிருந்து
மாசம் ஒருதரம் எடுப்பான்.
கார் இன்சூரன்ஸ், கடை வாடகை,
இந்த முறை கடைவாய்ப் பல்லு.
நான் உலோகம் என்று எனக்கொரு பெருமை இருந்தது.
அடித்தால் நீளுவேன், உடைய மாட்டேன்.

ஆனால் புத்தகம் வேறொரு பக்கத்தில்
சின்ன எழுத்தில் வைத்திருந்ததைச் சொல்கிறேன்.
நிக்கலிடம் கந்தகம் வாங்கியது இரண்டு, உண்மைதான்.
உலைக்குள் ஒட்சிசன் வந்து நின்றபோது
அதே கந்தகம் கொடுத்தது ஆறு.
வாங்கிய இரண்டும், கையிருப்பில் நாலும்.
எதிரே நிற்பவரைப் பொறுத்தது எல்லாம்.

நான் போட்டிருக்கும் மழைக்கோட்டு எய்லாவுடையது.
முதல் பனிக்காலத்துச் சப்பாத்தும்.
அவள் வீட்டுக் கீழ்த்தளத்தில்
ஏழு மாசம் வாடகை கொடுக்காமல் இருந்தேன்.
அண்ணனுக்கு அது தெரியாது.

பதினேழு வயதுக் கோடையில்
சுண்ணாம்புக்கல் தூளை மூட்டையாய்ச் சுமந்து
இந்தப் பாறைகள்மேல் கையால் வீசினவள் அவள்.
"மாவாலையில் விழுந்த பூனைபோல் இருந்தோம்" என்கிறாள்.
அமிலத்தில் தூள் விழ, கொஞ்சம் நுரை,
பிறகு உப்பும் தண்ணீரும்.
அதற்குமேல் புல்.
அதைப் பற்றி அவளிடம் வேறு கதையில்லை.
தன் ட்ரக்கின் அடிவயிற்றைப் பற்றித்தான் கவலை,
பனிக்காலத் தெருவில் தூவுவார்களே, அந்த உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று
எங்களிடம் ஒரு சொல் உண்டு என்றேன்.
"துருப்பிடிக்கும் வரைக்குமா?" என்றாள்.

கரையேறினோம்.
கறுத்த பாறையின் வெடிப்பெல்லாம் காட்டுப் புளூபெரி.
புளித்த மண்தான் அதற்குப் பிடிக்குமாம்,
எங்கள் சுண்ணாம்பு எட்டாத இடமாய்ப் பார்த்து
கொத்துக்கொத்தாய்க் காய்த்திருக்கிறது.
தொப்பி நிறையப் பறித்தோம்.
பாதி அங்கேயே தீர்ந்தது.

இரவு, குசினித் தொட்டியில் கை கழுவுகிறேன்.
சவர்க்காரம் பட்டதும்
விரல்நுனிச் சிவப்பு மெல்ல நீலத்துக்கு மாறுகிறது.
தொலைபேசி அடிக்கிறது. அண்ணன்.
ஈரக் கையோடு எடுத்து
பல்லு எப்படி என்று கேட்கிறேன்.